அன்றன்று எழுதும் கணக்கு: சிரம்பான் வட்டாரத்து அரசுக் குத்தகைகளும் கணக்காய்வும்

மலேசியாவின் சிரம்பானைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. அங்கே பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வெவ்வேறு தொழில்களுக்குப் பிரிந்து போனார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு அரசுக் குத்தகைதான் சோறு போடுகிறது. மருத்துவமனையையும் பள்ளியையும் கூட்டித் துடைப்பவர்கள், பள்ளி வாசலில் காவல் இருப்பவர்கள், அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் சிறு நிறுவனத்தார், கூரை மாற்றியும் கால்வாய் வெட்டியும் பிழைக்கும் ஜி1 எனும் சிறு தரக் குத்தகையாளர்கள் எனப் பலர் இதில் அடக்கம்.

இவர்கள் எல்லாருக்கும் ஊதியமாகவோ வருமானமாகவோ வருவது பொதுப்பணம். அது சரியாகச் செலவானதா என்று ஒருநாள் யாராவது கேட்கத்தான் போகிறார்கள். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலான சிறு நிறுவனங்கள் தயாராகும் விதமே கோளாறானது. கணக்காய்வுக் கடிதம் கையில் கிடைத்த பிறகு கோப்புகளைத் தேடுவதும், விடுபட்ட கையெழுத்துகளை வாங்குவதும், மறந்துபோன செலவுகளை நினைவிலிருந்து எழுதுவதும் ஆயத்தம் ஆகாது. வேலை நடந்த அன்றே, அதைச் செய்தவரோ நேரில் பார்த்தவரோ எழுதி வைத்த பதிவுதான் ஆயத்தம். அந்தப் பதிவு முதலாளிக்கு எவ்வளவு தேவையோ அதைவிடக் கூடுதலாக அதில் பெயர் உள்ள தொழிலாளிக்குத் தேவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கேட்கும் உரிமை யாருக்கு?

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 105-ஆம் பிரிவு தலைமைக் கணக்காய்வாளர் பதவியை நிறுவுகிறது. கூட்டரசின் கணக்குகளையும் மாநிலங்களின் கணக்குகளையும் ஆய்வது அவர் கடமை. அவரது அறிக்கை மாமன்னரிடம் அளிக்கப்பட்டு மக்களவைக்கு வருகிறது. மாநிலக் கணக்கு பற்றிய அறிக்கை மாநில ஆட்சியாளர் வழியாகச் சட்டமன்றத்துக்குப் போகிறது. 1957-ஆம் ஆண்டின் கணக்காய்வுச் சட்டம் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும், விளக்கம் தரக்கூடியவர்களை அழைக்கவும் அவருக்கு அதிகாரம் தருகிறது. 2024-இல் வந்த திருத்தம் இந்த அதிகாரத்தை அகலப்படுத்தி, அரசாங்கத்தின் நிதி உத்தரவாதம் பெற்ற நிறுவனங்கள் வரை கொண்டு சென்றது. பொதுப்பணம் எங்கே போகிறதோ அங்கே கணக்காய்வும் போகும் என்பதே அதன் நோக்கம்.

அறிக்கை வெளியாகும்போது நாளிதழ்களில் தலைப்பாவது விலை வித்தியாசம்தான். 2006-ஆம் ஆண்டுக்கான அறிக்கை பலருக்கு நினைவிருக்கும். இளைஞர், விளையாட்டுத் துறை அமைச்சின் கீழிருந்த பயிற்சிக் கழகங்களுக்காக வாங்கிய பொருள்களில், சுமார் 50 ரிங்கிட் பெறுமானமுள்ள கார் ஜாக்கி ஒன்றுக்கு 5,700 ரிங்கிட்டுக்கும் மேல் கொடுக்கப்பட்டிருந்தது அதில் வெளிவந்தது. இப்படிப்பட்ட விலைகள் காகிதத்தில் முறைப்படி கையெழுத்தாகியே கடந்துபோகின்றன. சந்தை விலை என்ன, எத்தனை பேரிடம் விலை கேட்கப்பட்டது, ஏன் இவரிடம் வாங்கப்பட்டது என்ற மூன்று கேள்விகளுக்கும் கோப்பில் பதில் இருந்தால் அத்தகைய விலை கடந்து போயிருக்க முடியாது.

தலைமைக் கணக்காய்வாளர் ஒருவர் மட்டுமே கேள்வி கேட்பார் என்று எண்ணிவிடக் கூடாது. குத்தகை கொடுத்த அமைச்சின் உள்கணக்காய்வுப் பிரிவு வரலாம். தொழிலாளர் துறை சம்பளப் பதிவேட்டைக் கேட்கலாம். ஊழியர் சேமநிதி வாரியமும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு அமைப்பும் சந்தா கட்டிய விவரம் கேட்கலாம். உள்நாட்டு வருமான வரி வாரியம் செலவுச் சீட்டுகளைக் கேட்கலாம். ஐந்து அலுவலகங்கள் ஐந்து கோணங்களில் கேட்டாலும் எல்லாரும் பார்க்கப்போவது அதே வேலையைத்தான். ஒருவருக்குக் காட்டிய எண் இன்னொருவருக்குக் காட்டியதோடு ஒத்துப்போகாவிட்டால் சந்தேகம் அங்கேதான் தொடங்கும்.

தோட்டம் கற்றுக்கொடுத்த பதிவு

இந்த வட்டாரத்துத் தமிழர்களுக்கு அன்றாடப் பதிவு புதிய சங்கதி இல்லை. விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று பேர் கொடுத்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். மேற்பார்வை பார்த்த மண்டோர் ஆள் எண்ணிச் சொல்ல, எழுத்தரான கிராணி செக்ரோல் எனும் வருகைப் பேரேட்டில் குறித்துக்கொள்வார். ஒரு வரியில் தொழிலாளியின் பெயர், அதை அடுத்து மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம், கடைசியில் மொத்த நாள், கூலி, முன்பணப் பிடித்தம், கைக்கு வரும் தொகை. ஒரு கட்டம் காலியாக இருந்தால் ஒருநாள் கூலி இல்லை. அந்தச் சிறு கட்டத்தில்தான் குடும்பத்தின் அரிசி இருந்தது.

பால் சேகரித்துக்கொண்டு ஸ்டோருக்கு வந்தபின் இரண்டாவது பதிவு நடக்கும். வாளியில் உள்ள பாலை அளந்து, மெட்ரோலாக் எனும் மிதவைக் கருவியை அதில் விட்டு, அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கிராணி பார்ப்பார். பாலில் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்பதை அது காட்டும். உலர்ந்த ரப்பரின் எடைக்கே கூலி. ஆகவே அந்தக் கோட்டை யார் படித்தார், எப்படிப் படித்தார், என்ன எழுதினார் என்பதில் வரும் தகராறுகள் சாதாரணமானவை. கருவியின் கோட்டைத் தானும் பார்த்து, எழுதிய எண்ணையும் பார்க்க முடிந்த தொழிலாளி கேள்வி கேட்டார். எழுதப்படிக்கத் தெரியாதவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு போனார்.

இந்தப் பதிவுகள் தோட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடவில்லை. 1907-இல் தமிழ்க் குடியேற்ற நிதி சட்டமானபோது, இந்தியத் தொழிலாளர்களை வைத்திருந்த முதலாளிகள் அதற்குத் தீர்வை கட்ட வேண்டியதாயிற்று. தொழிலாளர்கள் வேலை செய்த நாள்களின் எண்ணிக்கையே தீர்வைக்கு அடிப்படை. தென்னிந்தியாவிலிருந்து ஆள்களைக் கப்பலேற்றிக் கொண்டுவரும் செலவுக்கு அந்தப் பணம் போயிற்று. செக்ரோலில் விழுந்த ஒவ்வொரு குறியும் கூலிக்கும் கணக்கு, அரசு சார்ந்த ஒரு நிதிக்கும் கணக்கு என்ற நிலை அப்போதே வந்துவிட்டது. அந்த நிதியின் தொடர்ச்சி 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறி, 1999-இல் கலைக்கப்படும்வரை நீடித்தது.

தோட்டத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் விட்டுவிட வேண்டியதும் இதில் சேர்ந்தே இருக்கின்றன. அன்றைய வேலையை அன்றே, வேலை நடந்த இடத்திலேயே எழுதிய ஒழுங்கு எடுத்துக்கொள்ள வேண்டியது. பதிவேடு நிர்வாகத்தின் கையில் மட்டும் இருந்ததும், அதில் பெயர் உள்ளவர் அதைப் பார்க்க முடியாமல் இருந்ததும் விட்டுவிட வேண்டியவை. இன்று குத்தகைத் தொழிலில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. ஒழுங்கைக் கைவிட்டுவிட்டு, பூட்டி வைக்கும் பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு குத்தகை

1996-இன் இறுதியில் அரசு மருத்துவமனைகளின் ஐந்து உதவிச் சேவைகள் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. கட்டடப் பராமரிப்பு, மருத்துவக் கருவிப் பராமரிப்பு, துப்புரவு, சலவை, மருத்துவக் கழிவு அகற்றல் என்பவை அவை. சிரம்பானின் பெரிய மருத்துவமனையும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தது. பள்ளிகளின் துப்புரவும் பாதுகாப்பும் தனியாருக்குப் போயின. இந்த வகைக் குத்தகைகளில் செலவின் பெரும்பகுதி மனித உழைப்பு. ஆகவே கணக்காய்வின் கண்ணும் முதலில் ஆள் கணக்கின் மேல்தான் விழும்.

ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். ஒரு பள்ளியின் குத்தகைப்படி பத்துத் துப்புரவுப் பணியாளர்கள் வேண்டும். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதற்கு முதலாளி கட்ட வேண்டிய சேமநிதிப் பங்கு 13 விழுக்காடு, அதாவது 221 ரிங்கிட். சொக்சோவும் வேலை காப்புறுதியும் சேர்ந்து ஏறத்தாழ 32 ரிங்கிட். ஆக ஒருவருக்கு மாதம் 1,953 ரிங்கிட், பத்துப் பேருக்கு 19,530 ரிங்கிட். துடைப்பம், மருந்து, சீருடை, மேற்பார்வையாளர் சம்பளம், அலுவலக வாடகை, இலாபம் எல்லாம் இதற்கு மேல்.

இப்போது எட்டுப் பேர் மட்டும் வேலைக்கு வந்து, பத்துப் பேருக்கும் பில் போவதாக வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு ஏறத்தாழ 3,900 ரிங்கிட் வேலை நடக்காமலேயே கைமாறுகிறது. மூன்றாண்டுக் குத்தகையில் அது 1,40,000 ரிங்கிட்டைத் தாண்டும். அந்தப் பத்துப் பேர் வேலையை எட்டுப் பேர் இழுத்துச் செய்திருப்பார்கள் என்பது பில்லில் தெரியாது, அவர்களின் முதுகுக்குத்தான் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்கக் கணக்காய்வாளர் பெரிய வித்தை ஒன்றும் செய்வதில்லை. ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொண்டு அதன் தடத்தைப் பிடித்துப் போவார். மார்ச் மாதம் இவர் எத்தனை நாள் வந்தார் என்று வருகைப் பதிவேட்டில் பார்ப்பார். பள்ளித் தரப்பு உறுதிசெய்த மாதாந்தர அறிக்கையில் அதே நாள்கள் இருக்கின்றனவா? சம்பளச் சீட்டில் அதே நாள்களுக்குக் கூலி போட்டிருக்கிறதா? வங்கியில் அதே தொகை போயிருக்கிறதா? அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் சேமநிதிச் சந்தா அதே சம்பளத்துக்குக் கட்டப்பட்டதா? அரசுக்கு அனுப்பிய பில்லில் இவர் எந்த வரியில் இருக்கிறார்? ஆறு காகிதங்களும் ஒரே கதையைச் சொன்னால் அடுத்த பெயருக்குப் போவார். ஒன்று பிசகினால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்.

வருகைப் பதிவேட்டைப் பார்த்த மாத்திரத்தில் அனுபவமுள்ள கண்ணுக்குச் சில விஷயங்கள் தெரிந்துவிடும். முப்பது நாளும் ஒரே பேனா, ஒரே கை, ஒரே சாய்வில் போட்ட கையெழுத்து. மழைநாளிலும் பெருநாளிலும் எல்லாரும் 7.00 மணிக்கே வந்ததாகப் பதிவு. திருத்தமே இல்லாத பக்கம். உண்மையான பதிவில் அடித்தல் இருக்கும். தாமதமாக வந்தவர், பாதி நாளில் மருத்துவமனைக்குப் போனவர், மாற்று ஆளாக வந்தவர் எல்லாரும் இருப்பார்கள். தவறாக எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியும் கையெழுத்தும் இட்டால் போதும். வெள்ளை மை பூசி மறைத்த எண்ணைவிட அடித்துத் திருத்திய எண் நம்பத்தக்கது.

ஒரே செலவு இரண்டு இடத்தில்

கூலி நேரடிச் செலவு என்பதால் அதன் கணக்கு எளிது. சிக்கல் பொதுச் செலவில் வருகிறது. ஒரு நிறுவனம் மூன்று பள்ளிகளில் குத்தகை எடுத்திருக்கிறது. லாரி ஒன்று, மேற்பார்வையாளர் ஒருவர், அலுவலகம் ஒன்று. இந்தச் செலவை மூன்றாகப் பிரிக்க ஓர் அடிப்படை வேண்டும். சம்பளத் தொகையைக் கொண்டு பிரிக்கலாம், வேலை நேரத்தைக் கொண்டும் பிரிக்கலாம். எதுவானாலும் ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதி வைத்து, ஆண்டு முழுதும் அதையே பின்பற்ற வேண்டும். குத்தகைக்குக் குத்தகை வசதிப்படி மாற்றினால் அதே லாரி மூன்று இடத்திலும் முழுச் செலவாக ஏறிவிடும்.

அமெரிக்கா இந்தத் துறையில் மிகக் கடுமையான நாடு. அங்கே 1965-இல் தொடங்கிய பாதுகாப்புக் குத்தகைக் கணக்காய்வு முகமைக்கு முக்கிய வேலையே இதுதான். செலவை ஈடுகட்டித் தரும் வகைக் குத்தகைகளில், செலவு நியாயமானதா, அந்தக் குத்தகைக்கே உரியதா, விதி அனுமதிக்கிறதா என்று பார்க்கிறார்கள். அபராதம், கேளிக்கை, மது, நன்கொடை போன்றவற்றை அரசின் தலையில் கட்ட முடியாது. செலவு உண்மையில் நடந்தது என்று காட்டும் பொறுப்பு குத்தகையாளருடையது. பதிவு இல்லாத செலவை அவர் தன் கையிலிருந்துதான் ஏற்க வேண்டும்.

நம் ஊர்க் குத்தகைகள் பெரும்பாலும் விலை முன்பே தீர்மானிக்கப்பட்டவை. ஆகவே, என் செலவு என் பாடு, அதை ஏன் காட்ட வேண்டும் என்று குத்தகையாளர்கள் நினைப்பது இயல்பு. இந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1960-களில் பிரிட்டனில் நடந்த ஃபெராண்டி நிறுவன விவகாரம் பாடம். பிளட்ஹவுண்ட் ஏவுகணைக்கான குத்தகையில் விலை முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டிருந்தது. வேலை முடிந்தபின் நிறுவனத்தின் உண்மைச் செலவு பேசிய விலைக்கு வெகு கீழே இருந்தது 1964-இல் அந்நாட்டுத் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையில் அம்பலமாயிற்று. சர் ஜான் லாங் தலைமையில் விசாரணை நடந்தது. ஒரே அமைச்சுக்குள் நேரடிக் கூலியை மதிப்பிட்டவர்கள் ஒரு பக்கமும், மேற்செலவு விகிதத்தைக் கணக்கிட்டவர்கள் இன்னொரு பக்கமும் இருந்திருக்கிறார்கள். இரு தரப்பின் எண்களையும் யாரும் அருகருகே வைத்துப் பார்க்கவில்லை. நிறுவனம் 42 இலட்சத்து 50 ஆயிரம் பவுண்டைத் திருப்பிக் கொடுத்தது. அதன்பின் விலை பேசும்போது இரு தரப்பும் ஒரே தகவலை வைத்துப் பேச வேண்டும் என்ற கொள்கை பிரிட்டனில் நிலைபெற்றது.

ஏவுகணைக்கும் பள்ளித் துடைப்பத்துக்கும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். குறை மட்டும் ஒன்றே: எண்கள் இருந்தன, சேர்த்துப் பார்க்கும் பழக்கம் இல்லை.

தமிழ்ப்பள்ளிக் கூரையில்

நெகிரி செம்பிலானில் 61 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பல, தோட்டத்தில் பிறந்தவை. கூரை ஒழுகுதல், மின்கம்பி மாற்றம், கூடுதல் வகுப்பறை என அவற்றுக்கு வரும் ஒதுக்கீட்டில் வேலை செய்வோர் பெரும்பாலும் சிறு குத்தகையாளர்கள். இங்கே கணக்காய்வு தேடுவது அளவை. விலைப்பட்டியலில் 120 சதுர மீட்டர் கூரைத் தகடு என்றிருந்தால் ஏறிப் பார்க்கும்போது 120 இருக்க வேண்டும். பழைய கூரையைக் கழற்றுமுன் எடுத்த படம், கழற்றியபின் மரச்சட்டத்தின் நிலை, புதிய தகடு வந்து இறங்கிய விநியோகச் சீட்டு, பூட்டி முடித்தபின் எடுத்த படம் ஆகிய நான்கையும் தேதியோடு வைத்திருப்பவருக்குப் பயமில்லை.

மரச்சட்டம் உளுத்துப் போயிருப்பது கழற்றிய பிறகுதான் தெரியவந்தது என்று வைத்துக்கொள்வோம். அதையும் மாற்றச் சொல்லித் தலைமையாசிரியர் வாய்மொழியாகச் சொல்வார், குத்தகையாளரும் மாற்றிக் கொடுப்பார். நல்ல எண்ணத்தில் செய்த வேலைக்குக் காசு வராமல் போவது இந்த இடத்தில்தான். கூடுதல் வேலைக்கு முறைப்படி மாற்ற ஆணை வேண்டும். அன்று மாலையே எழுத்தில் உறுதி கேட்டு அனுப்பி, வேலையிடக் குறிப்பேட்டில் எத்தனை ஆள், எத்தனை மணி நேரம், எவ்வளவு மரம் என்று எழுதி வைத்தவர் பின்னால் கேட்க முடியும். 2014 ஏப்ரலில் நடப்புக்கு வந்த கட்டுமானத் தொழில் கட்டணத் தீர்ப்புச் சட்டம், பணம் கிடைக்காத குத்தகையாளர் விரைவாகத் தீர்ப்புக் கேட்க வழி செய்திருக்கிறது. அங்கேயும் வழக்கறிஞரின் நாவன்மையைவிட அந்தக் குறிப்பேட்டின் பக்கங்கள்தான் பேசும். கணக்காய்வுக்காக வைக்கும் பதிவே கூலிக்காகவும் வாதாடும் என்பதைச் சிறு குத்தகையாளர்கள் உணர வேண்டும்.

எத்தனை ஆண்டு, எப்படி?

வருமான வரிச் சட்டப்படி கணக்குப் பதிவுகளை ஏழாண்டு வைத்திருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டமும் ஏழாண்டு என்கிறது. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் தொழிலாளர் பதிவேட்டை ஆறாண்டு காட்டத் தயாராக வைத்திருக்கச் சொல்கிறது. குத்தகையில் தனிக் காலவரை எழுதியிருந்தால் எது நீளமோ அதைப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பு. வெப்பத்தாளில் அச்சான எண்ணெய்க் கடைச் சீட்டு சில மாதங்களில் வெளுத்துப்போகும். வாங்கிய அன்றே படம் பிடித்துக் குத்தகை எண்ணிட்டுச் சேமிக்காவிட்டால் ஏழாம் ஆண்டில் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். ஒவ்வொரு குத்தகைக்கும் தனிக் கோப்பு, தனிச் செலவுத் தலைப்பு, கைபேசியில் புலனம் (வாட்ஸ்அப்) வழி வந்த உத்தரவுகளுக்கும் ஓர் அச்சுப் பிரதி என்ற அளவில் தொடங்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

விட்டுப்போனதை இட்டுக்கட்டி எழுதுவது வேறு கதை. 2009-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் பொய்யான விவரம் கொண்ட ஆவணத்தைக் காட்டி ஏமாற்றுவதைக் குற்றமாக்கியிருக்கிறது; தண்டனை இருபதாண்டுச் சிறை வரை போகலாம். 2020 ஜூன் முதல், நிறுவனத்தோடு தொடர்புள்ளவர் அதன் ஆதாயத்துக்காகக் கையூட்டுக் கொடுத்தால் நிறுவனமும் பொறுப்பாகும் என்ற விதியும் நடப்பில் உள்ளது. பதிவு இல்லை என்று ஒப்புக்கொள்பவருக்கு ஏற்படுவது பண நட்டம். பொய்ப் பதிவு செய்தவர் வழக்கில் நிற்க வேண்டியிருக்கும். பழைய தேதியைப் போட்டு மேற்பார்வையாளரிடம் கையெழுத்துக் கேட்கும் முதலாளி தன்னோடு அவரையும் சேர்த்து இழுத்துப் போகிறார்.

பெயர் உள்ளவருக்கு ஒரு பிரதி

தமிழ்நாட்டு உத்திரமேரூரின் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, ஊர் வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரையும் அவர் உறவினரையும் மீண்டும் வாரியத்துக்குத் தகுதியற்றவர்கள் ஆக்கியது. பொதுப்பணத்தைக் கையாண்டவர் கணக்குக் காட்டியே தீர வேண்டும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊர்ச்சபை கல்லில் வெட்டி வைத்தது. அந்தப் பெருமையைப் பேசுவதோடு நிற்காமல், இன்று சிரம்பானில் செய்யக்கூடியது என்ன என்று பார்ப்போம்.

குத்தகை நிறுவனம் கைமாறும்போதெல்லாம் துப்புரவுப் பணியாளரின் சேவை ஆண்டுகள் பூச்சியத்திலிருந்து தொடங்குகின்றன. பத்தாண்டு அதே பள்ளியைக் கூட்டியவர் புதிய நிறுவனத்தின் பதிவில் நேற்று வந்தவர். பழைய நிறுவனம் போகும்போது பதிவேடுகளும் அதோடு போய்விடும். பிடிக்கப்பட்ட சேமநிதி கட்டப்படவில்லை, மிகைநேரக் கூலி வரவில்லை என்று அந்தப் பணியாளர் தொழிலாளர் துறைக்குப் போனால், முதல் கேள்வியே சம்பளச் சீட்டு இருக்கிறதா என்பதுதான்.

ஆகவே மூன்று பழக்கங்களை இந்த வட்டாரத்தில் வேரூன்றச் செய்ய வேண்டும். வருகைப் பதிவேட்டின் மாதப் பக்கத்தைத் தொழிலாளி தானே சரிபார்த்துக் கையெழுத்திட்டு, கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும். பள்ளித் தரப்பு மாதாந்தர உறுதிப் படிவத்தில் கையெழுத்திடுமுன், பெயர்களை வாசித்து ஆள்களை நேரில் எண்ண வேண்டும். மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் இதைத் தங்கள் பணியாக எடுத்துக்கொள்ளலாம். குத்தகையாளர் சங்கங்கள் குத்தகை எடுப்பது எப்படி என்ற வகுப்பு நடத்தும்போது, கணக்கு வைப்பது எப்படி என்ற வகுப்பையும் சேர்த்தே நடத்த வேண்டும். அதற்கு ஆசிரியர்களை வெளியே தேட வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற அரசுக் கணக்கர்களும் வங்கி ஊழியர்களும் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இம்மூன்றும் நடந்தால் கணக்காய்வாளர் வரும் நாள் மற்ற நாள்களைப் போல ஒரு வேலைநாளாகக் கழியும். குத்தகையாளருக்கு உரிய பணம் தடைபடாமல் வரும், எட்டுப் பேரைக் கொண்டு பத்துப் பேர் வேலை வாங்குவது நிற்கும், கூட்டித் துடைத்தவரின் ஒவ்வொரு நாளும் அவர் பெயரிலேயே எழுத்தில் நிற்கும்.